காலையில் ஏறிய பாதை, மாலையில் இறங்கிய பாதை: ஒருநாள் மலையேற்ற விபத்து ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஒரே நாளில் ஏறி இறங்குவதற்காகப் புறப்பட்ட எங்கள் ஏழு பேர் குழுவில் ஒருவர், இறங்கும் வழியில், பிற்பகல் 2.05 மணிக்குச் சறுக்கி விழுந்து வலது கணுக்காலின் வெளிப்புற எலும்பை முறித்துக்கொண்டார். பிற்பகல் 1.40-க்குள் அடிவாரம் திரும்பிவிடலாம் என்பது எங்கள் திட்டம். உண்மையில் வந்து சேர்ந்தபோது இரவு மணி 7.50. உயிருக்கு ஆபத்து நேரவில்லை. முறிவும் அறுவை சிகிச்சை தேவைப்படாத வகையாக இருந்ததால், ஆறு வாரக் கட்டுக்குப் பின் அவர் பழையபடி நடக்கத் தொடங்கிவிட்டார். இதைப் பெரிய விபத்து என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் இப்படிப்பட்ட விபத்துகளில்தான் எல்லாரும் திரும்பி வந்து, ஒன்றாக உட்கார்ந்து, கைபேசிப் படங்களில் பதிந்திருக்கும் மணியை வைத்து என்ன நடந்தது என்பதை அடுத்தடுத்துக் கோத்துப் பார்க்க முடிகிறது. அப்படிக் கோத்துப் பார்த்ததன் விளைவே இந்த ஆய்வு. பயணத்தைத் திட்டமிட்டவன் நான். பின்னால் வரும் தவறுகளில் பெரும்பகுதி என்னைச் சேர்ந்தது.

பாதையின் அமைப்பு

போக 7 கிலோமீட்டர், வர 7 கிலோமீட்டர். மொத்த ஏற்றம் 920 மீட்டர். அடிவாரத்திலிருந்து 2.1 கிலோமீட்டர் வரை அகலமான, மெல்ல ஏறும் மண்பாதை. அங்கே ஓர் ஓடை குறுக்கிடுகிறது. பாலம் கிடையாது, கற்களின் மேல் கால் வைத்துக் கடக்க வேண்டும். ஓடைக்கு அப்பால் மர நிழலில் வேர்கள் பின்னிக் கிடக்கும் ஒற்றையடிப் பாதை. 3.7-ஆவது கிலோமீட்டரில் காடு மெலிந்து, செங்களிமண் சரிவில் பாதை நேர்குத்தாக ஏறத் தொடங்குகிறது. 4.2-ஆவது கிலோமீட்டரில் ஏறத்தாழ 30 மீட்டர் நீளத்துக்குச் சாய்ந்து கிடக்கும் ஒரே பாறைத்தளம். அதைத் தாண்டினால் புல்வெளி முகடு, பிறகு உச்சி. களிமண் சரிவின் தொடக்கத்திலிருந்து முகட்டின் பாதி வரையுள்ள 1.6 கிலோமீட்டரில் மட்டும் 400 மீட்டர் ஏற்றம் இருக்கிறது. பாதையின் கடினம் முழுவதும் அந்த இடைப்பகுதியில்தான் என்று நாங்கள் கணித்திருந்தோம். அந்தக் கணிப்பில் பிழை இல்லை. ஆனால் அதை ஏறும் கடினமாக மட்டும் எண்ணியிருந்தோம்.

எங்களிடம் இருந்த தகவல்

ஒன்பது நாள் முன்னதாக அதே மலைக்குச் சென்று வந்த ஒருவர் எழுதிய குறிப்பு எங்களிடம் இருந்தது. பாதை தெளிவாக இருக்கிறது, ஓடையில் கணுக்கால் அளவு நீர், களிமண் சரிவு காய்ந்திருக்கிறது, பாறைத்தளத்தில் பிடிமானம் நன்றாக உள்ளது, மரம் எதுவும் விழுந்து கிடக்கவில்லை என்று ஐந்து செய்திகளை அவர் சொல்லியிருந்தார். ஐந்துமே அவர் நடந்த நாளில் உண்மை. நாங்கள் செய்த பிழை, அந்த ஐந்தையும் ஒரே தட்டில் வைத்ததுதான்.

ஒவ்வொரு செய்திக்கும் ஆயுள் வேறு. மரம் விழுந்து வழி அடைபட்டிருக்கிறதா, மண் சரிந்து பாதை அறுந்திருக்கிறதா என்பன போன்ற செய்திகள், இடையில் பெருங்காற்றோ கனமழையோ இல்லாதவரை, வாரக்கணக்கில் செல்லுபடியாகும். களிமண்ணின் நிலை ஒரு மழையில் மாறும். நிழலில் கிடந்தால் மீண்டும் காய இரண்டு மூன்று நாளாவது பிடிக்கும். ஓடையின் மட்டம் மணிக்கணக்கில் ஏறி இறங்கும், மழை பெய்யும் நிலப்பரப்பு சிறியதாகவும் சரிவு கூடியதாகவும் இருந்தால் அந்த ஏற்ற இறக்கம் இன்னும் வேகமாக நிகழும். பாறையின் பிடிமானத்துக்கோ நிமிடக்கணக்குதான். தூறல் விழுந்த அடுத்த கணத்தில் அது வேறு பாறை. ஒன்பது நாள் பழைய குறிப்பில் பாதை, மரம் பற்றிய இரண்டு வரிகள் மட்டுமே எங்களுக்கு இன்னும் உயிரோடு இருந்தன. மற்ற மூன்றும் காலாவதியானவை. இடைப்பட்ட நாட்களில் இரண்டு இரவுகள் மழை பெய்திருந்தது எங்களுக்குத் தெரியும், அதில் ஓர் இரவு நாங்கள் புறப்பட்டதற்கு முந்தைய இரவு. தெரிந்தும் அந்தக் குறிப்பை நாங்கள் திருத்திப் படிக்கவில்லை.

பாதைகளுக்குத் தரப்படும் கடினத் தரவரிசையிலும் இதே சிக்கல் உண்டு. சுவிஸ் ஆல்பைன் கிளப் மலைநடைப் பாதைகளை டி1 முதல் டி6 வரை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறது. நல்ல வானிலை, தெளிவான பார்வை, உலர்ந்த தரை ஆகியவை இருப்பதாக வைத்துக்கொண்டே அந்தத் தரம் கொடுக்கப்படுகிறது. அதாவது ஒரு பாதையின் தரம் என்பது அந்தப் பாதை மிக நல்ல மனநிலையில் இருக்கும்போது எடுத்த புகைப்படம். படிப்பவர் அதை எல்லா நாளுக்குமான முகமாக எடுத்துக்கொள்கிறார். எங்கள் பாதையும் 'நடுத்தரம்' என்ற பெயர் பெற்றதுதான்.

நேரக் கணக்கு

1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் வகுத்த விதியை இன்றும் பலர் பயன்படுத்துகிறார்கள்: 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக 1 மணி நேரம். எங்கள் பாதைக்கு அந்த விதிப்படி ஏற ஏறத்தாழ 3 மணி நேரம் வருகிறது. இறக்கத்துக்கு எரிக் லாங்முயர் பின்னாளில் ஒரு திருத்தம் சேர்த்தார். 5 முதல் 12 பாகை வரையிலான மென்சரிவில் ஒவ்வொரு 300 மீட்டர் இறக்கத்துக்கும் 10 நிமிடம் கழிக்க வேண்டும். 12 பாகைக்கு மேல் செங்குத்தானால் 10 நிமிடம் கூட்ட வேண்டும். அதன்படி எங்கள் இறக்கம் 1 மணி 20 நிமிடம். நான் தாராளமாக 2 மணி நேரம் ஒதுக்கினேன். உச்சியில் 1 மணி நேரம், வழியில் ஓய்வுக்கு 1 மணி நேரம் என்று சேர்த்து, காலை 6.40-க்குப் புறப்பட்டு 1.40-க்குத் திரும்புவதாகக் கணக்கு முடிந்தது. காலை 10.30 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது என்றும் முடிவு செய்திருந்தோம்.

நாங்கள் இறங்க எடுத்துக்கொண்டது 7 மணி 50 நிமிடம். இதில் விபத்தால் ஏற்பட்ட தாமதமே பெரும்பகுதி என்றாலும், விபத்துக்கு முன்பே கணக்கு உடைந்துவிட்டது. உச்சியிலிருந்து விழுந்த இடம் வரையிலான 3 கிலோமீட்டருக்கே 2 மணி 5 நிமிடம் ஆகிவிட்டது. நெய்ஸ்மித் விதி நல்ல பாதையில் நடக்கும் உடல் வலுவுள்ளவரின் வேகத்தைக் கணிப்பது; ஈரம் என்ற எண் அதில் இல்லை. ஈரப் பாறையில் ஏழு பேர் ஒருவர் பின் ஒருவராக இறங்கினால், ஒருவருக்கு ஆகும் நேரத்தை ஏழால் பெருக்க வேண்டும் என்பதும் அதில் இல்லை. பாறைத்தளத்தின் 30 மீட்டரைக் கடக்க எங்களுக்கு 35 நிமிடம் பிடித்தது.

காலையில் கண்டும் காணாமல் விட்டவை

ஓடையை 7.25-க்கு அடைந்தோம். நீர் கணுக்காலுக்கு மேல் நான்கு விரற்கடை இருந்தது. தெளிந்த நீர், சலசலப்பு, குளிர்ச்சி. எல்லாரும் படம் எடுத்தார்கள். அந்தப் படங்களில் ஒன்றில், அக்கரைக்கு அருகே, குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடும் கருங்கல் ஒன்று தெரிகிறது; கோடு நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே இருக்கிறது. பின்னால் இந்தக் கல்தான் எங்களுக்கு அளவுகோலானது. அன்று காலை அது எங்களுக்கு வெறும் கல். குறிப்பில் சொன்னதைவிட நீர் கூடியிருக்கிறதே என்று எங்களில் ஒருவர் சொன்னார். "ராத்திரி மழைதானே, வத்திடும்" என்று நானே பதில் சொன்னேன். வற்றும் என்பது சரிதான், மேற்கொண்டு மழை இல்லாவிட்டால். வானிலை அறிவிப்போ பிற்பகலில் இடியுடன் மழைக்கு வாய்ப்பு என்று சொல்லியிருந்தது. மலைச்சரிவுகள் காலை முழுவதும் வெயிலில் சூடேறி, ஈரக்காற்று மேலெழுந்து, மதியத்துக்கு மேல் முகில் திரண்டு பொழிவது மலைகளில் வழக்கமானது. அதனால்தான் மலையேறுபவர்கள் விடியலில் புறப்படுகிறார்கள். நாங்களும் விடியலில்தான் புறப்பட்டோம்; புறப்பட்டதன் காரணத்தை மட்டும் வழியில் தொலைத்துவிட்டோம்.

காட்டுப் பகுதியில் வேர்கள் ஈரமாக இருந்தன. களிமண் சரிவில் மேற்பரப்பு காய்ந்து வெடித்தாற்போல் தெரிந்தாலும், கால் பதிந்த இடத்தில் அடியிலிருந்து கறுத்த ஈரமண் வெளிப்பட்டது. ஏறும்போது இதெல்லாம் தொல்லை தருவதில்லை. முன்பாதத்தை ஊன்றி உடல் எடையைச் சரிவுக்குள் செலுத்தி ஏறுகிறோம். வழுக்கினாலும் முழங்கால் இடிபடுமே தவிரக் கீழே போவதில்லை. அதனால் ஏறும்போது பாதையைப் பற்றி உடல் சொல்லும் சான்று எப்போதும் சற்று இனிப்பாகவே இருக்கும்.

10.30 மணிக்கு நாங்கள் முகட்டில் இருந்தோம். உச்சி கண்ணெதிரே தெரிந்தது. யாரும் மணியைப் பற்றி வாய் திறக்கவில்லை, நானும்தான். 11.10-க்கு உச்சி, 12 மணிக்கு இறக்கம். திட்டத்தில் இருந்த எல்லா முன்னெச்சரிக்கைகளிலும் மிக மலிவானது அந்தத் திரும்பும் நேரம்தான். அதைக் கடைப்பிடிக்கக் கருவி வேண்டாம், திறமை வேண்டாம். அன்று 10.30-க்குத் திரும்பியிருந்தால், மழை தொடங்கிய 12.40-க்கு நாங்கள் பாறைத்தளத்தையும் களிமண்ணையும் கடந்து மரங்களுக்கு அடியில், ஓடையை நெருங்கிக்கொண்டிருப்போம். மற்ற தவறுகளுக்கு ஏதேனும் சமாதானம் சொல்லலாம். இதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

விழுந்த இடம்

பாறைத்தளத்தை 1.20-க்கு அடைந்தபோது மழை வலுத்திருந்தது. காலையில் சொரசொரவென்று ஷூவைப் பிடித்துக்கொண்ட அதே பாறையில், இப்போது கறுப்புப் பட்டைகளாக நீர் வழிந்துகொண்டிருந்தது. அந்தக் கறுப்புப் பட்டைகள் தாமே ஒரு வரைபடம். நீர் அடிக்கடி ஓடும் தடங்களில் பாசியும் நுண்ணுயிர்ப் படலமும் வளர்ந்து கல்லைக் கறுக்கச் செய்கின்றன. நனைந்தால் முதலில் வழுக்குவதும் அவையே. அவற்றுக்கு இடைப்பட்ட வெளிறிய கல்லில் கால் வைத்து, முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பி, மூன்று உறுப்புகள் எப்போதும் பாறையில் பதிந்திருக்கும்படி ஒவ்வொருவராக இறங்கினோம். ஒருவர் இறங்கி முடிக்கும் வரை அடுத்தவர் அசையவில்லை. இந்த 35 நிமிடத்தில் நாங்கள் செய்தவை அனைத்தும் சரியானவை.

விபத்து நேர்ந்தது அங்கே அல்ல. பாறைக்கு 200 மீட்டர் கீழே, களிமண் சரிவில், யாருமே ஆபத்து என்று சொல்லாத ஓர் இடத்தில். ஆபத்தான இடத்தைத் தாண்டிவிட்டோம் என்ற நிம்மதியில் இடைவெளிகள் சுருங்கின, பேச்சு தொடங்கியது, நடை வேகம் பிடித்தது. இரண்டாவதாகச் சென்றுகொண்டிருந்தவர் தலையைத் திருப்பிப் பின்னால் வருபவருக்கு ஏதோ சொன்னார். அவருடைய வலது கால் இறங்கிய இடத்தில், முழங்கை பருமனுள்ள ஒரு வேர் பாதையின் குறுக்கே சாய்வாகக் கிடந்தது. பல ஆண்டுகள் பலர் மிதித்ததால் பட்டை உரிந்து, எலும்பைப் போல வெளுத்து, நனைந்து மினுங்கிய வேர். கால் அதன் சாய்வு வழியே இடப்பக்கம் வழுக்க, பாதம் உட்புறமாகத் திரும்பி, முழு எடையும் கணுக்காலின் வெளிப்புறத்தில் விழுந்தது. ஒரு மரக்குச்சி ஒடிவதைப் போன்ற ஓசை கேட்டதாக அவருக்குப் பின்னால் வந்தவர் பிறகு சொன்னார்.

பின்னர் அவருடைய ஷூவைப் பார்த்தோம். அடிப்பாகம் தேயாத, நல்ல ஷூதான். ஆனால் ரப்பர்க் கட்டைகளுக்கு இடைப்பட்ட பள்ளங்கள் முழுவதும் களிமண் அடைத்து, அடிப்பாகம் சமதளத் தட்டாகியிருந்தது. இந்த வகைக் கட்டை அடிப்பாகத்துக்கே ஒரு விபத்து வரலாறு உண்டு. 1935-இல் ஆல்ப்ஸில் தன்னுடன் வந்த ஆறு பேர் உயிரிழந்ததற்குப் பொருத்தமற்ற காலணியும் ஒரு காரணம் என்று கருதிய இத்தாலிய மலையேறி விட்டாலே பிரமானி, அதன்பின் உருவாக்கியதுதான் விப்ரம் ரப்பர் அடிப்பாகம். கட்டைகள் மண்ணுக்குள் பதிந்து பிடிக்க வேண்டும் என்பது அதன் தத்துவம். பதியவே இடம் தராத ஈர மரத்திலும், கட்டைகளுக்கு நடுவே களிமண் அடைத்த நிலையிலும் அந்தத் தத்துவம் வேலை செய்யாது. பத்தடிக்கு ஒருமுறை ஷூவின் ஓரத்தை ஒரு கல்லில் தட்டிக் களிமண்ணை உதிர்த்திருந்தால் கொஞ்சம் பிடிமானம் மிஞ்சியிருக்கும். சாய்ந்து கிடக்கும் வேரை மிதிக்காமல் தாண்டியிருந்தால் அதுவும் தேவைப்பட்டிருக்காது.

அந்த இடம் ஏன் அப்படி இருந்தது என்பதற்குப் பாதையின் பிறப்பிலேயே விடை இருக்கிறது. மலைப்பாதை அமைப்போரிடையே 'பாதி விதி' என்று ஒன்று வழங்குகிறது: பாதையின் சாய்வு, அது கடந்து செல்லும் மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக் கூடாது. சரிவின் குறுக்காக வளைந்து செல்லும் பாதையில் விழும் மழைநீர் ஓரமாக வழிந்து வெளியேறிவிடும். சரிவின் போக்கிலேயே நேராக இறங்கும் பாதையிலோ நீருக்கு வெளியேற வழி கிடைப்பதில்லை; பாதையே வாய்க்காலாகிவிடும். எங்கள் களிமண் பகுதி இரண்டாவது வகை. யாரும் திட்டமிட்டு வெட்டியதாகத் தெரியவில்லை, சுருக்கு வழி தேடியவர்களின் கால்கள் உண்டாக்கியதாகவே படுகிறது. நீர் மண்ணை அரிக்க, வேர்கள் வெளியே வர, சேற்றைத் தவிர்க்க நினைத்தவர்கள் ஓரத்தில் நடக்க, ஓரமும் சிதைந்து பள்ளம் அகலமாகியிருக்கிறது. விழுந்த இடத்தில் பள்ளத்தின் ஆழம் இடுப்பளவு. அன்று அதன் அடியில் விரல் ஆழத்துக்குச் செந்நீர் ஓடிக்கொண்டிருந்தது. கால் எங்கே விழுகிறது என்பதே தெரியாத நீர்.

இறக்கத்தில் விழுவது விதிவிலக்கு அன்று. ஆஸ்திரிய ஆல்ப்ஸில் நடைபயணிகள் விழுந்த விபத்துகளை ஆராய்ந்தவர்கள், அவற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இறங்கும்போது நேர்ந்தவை என்று கண்டிருக்கிறார்கள். இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. இந்த வகை உழைப்பில் தசை மூச்சு வாங்காமலே தளர்ந்துபோகும். களைப்பு வருவது தெரியாது. கால் நினைத்த இடத்தில் விழாதபோதுதான் தெரியும்.

விழுந்த பின்

எலும்பு முறிவா, வெறும் சுளுக்கா என்று அறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒட்டாவா விதிகளில் எளியது ஒன்று, காயமடைந்தவரால் நான்கு அடி எடுத்து வைக்க முடிகிறதா என்று பார்ப்பது. இன்னொன்று, கணுக்காலின் இருபுற எலும்பு முனைகளிலிருந்து மேலே 6 சென்டிமீட்டர் வரை அவற்றின் பின்விளிம்பை அழுத்தினால் வலிக்கிறதா என்று பார்ப்பது. குழுவில் முதலுதவிப் பயிற்சி பெற்ற ஒருவர் இரண்டையும் சோதித்தார். இரண்டாவது அடியிலேயே காயமடைந்தவர் உட்கார்ந்துவிட்டார். அழுத்தியபோது முகம் வெளுத்தது. "அண்ணே, இதைச் சுளுக்குன்னு நினைக்க வேண்டாம், முறிவுன்னே வச்சுப்போம்" என்று முதலுதவிப் பயிற்சி பெற்றவர் சொன்னதோடு விவாதம் முடிந்தது. ஷூவைக் கழற்றவில்லை. கழற்றினால் வீக்கத்தால் மீண்டும் போட முடியாது, அந்த ஷூவே ஒரு கட்டாகவும் இருக்கும் என்பதால் கயிற்றை மட்டும் சற்றுத் தளர்த்தி, மேலே துணியால் இறுக்கிக் கட்டினோம்.

கைபேசியில் சிக்னல் இல்லை. இருவரை முன்னே ஓடவிட்டு உதவி அழைத்து வரலாமா என்று யோசித்தோம். ஓடை பெருகியிருந்தால் அந்த இருவர் அக்கரைக்கும் போக முடியாமல், அவசரத்தில் இறங்கி அடித்துச் செல்லப்படவும் கூடும் என்பதால் பிரிய வேண்டாம் என்று முடிவெடுத்தோம். காயமடைந்தவர் இருவர் தோளில் கைபோட்டு, களிமண்ணில் பெரும்பாலும் உட்கார்ந்தே நகர்ந்து இறங்கினார். ஓடை வரையிலான 1.9 கிலோமீட்டருக்கு 2 மணி 15 நிமிடம். மழை 3.10-க்கு நின்றிருந்தது.

4.20-க்கு ஓடையைப் பார்த்தபோது வெள்ளைக் கோட்டுக் கல்லைக் காணவில்லை. நீர் தேநீர் நிறத்தில், சருகும் சுள்ளியும் சுமந்து, சலசலப்பு இல்லாமல் ஒரே இரைச்சலாக ஓடியது. அடியில் கல் உருளும் 'கடகட' ஓசை கேட்டது. கல்லை உருட்டும் நீர் காலையும் உருட்டும். ஓடும் நீர் காலின் மேல் செலுத்தும் விசை வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறுவது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. காலையில் கெண்டைக்காலைத் தடவிச் சென்ற அதே ஓடை மாலையில் முழங்காலுக்கு மேல் ஏறியபோது, ஆழமும் கூடி வேகமும் கூடியிருந்தது. குழுவில் மூவர் கைகோத்துக் கடந்துவிடலாம் என்றார்கள். முதலுதவி செய்தவர் ஒரு குச்சியை எடுத்து, நீர் கரையைத் தொடும் இடத்தில் நட்டு, "பத்து நிமிஷம் பார்ப்போம், ஏறுதா இறங்குதான்னு தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுவோம்" என்றார். அந்த நாளின் மிகச் சிறந்த முடிவு அந்தக் குச்சி. பத்து நிமிடத்தில் குச்சிக்கும் நீருக்கும் இடையே இரண்டு விரற்கடை ஈரமணல் தெரிந்தது.

காத்திருப்பதற்கும் விலை இருந்தது. எல்லாரும் நனைந்திருந்தோம். நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், நனைந்த உடையுடன் அசையாமல் உட்காருவது உடலைக் குளிரவிடும். உடலின் உள்வெப்பம் 35 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் அது மருத்துவ ஆபத்து. காயமடைந்தவர் நடுங்கத் தொடங்கியதும் ஈரச்சட்டையைக் கழற்றி, குழுவில் மிஞ்சியிருந்த ஒரே உலர்ந்த மேலாடையைப் போட்டு, தரையில் படாமல் முதுகுப்பையின் மேல் உட்கார வைத்தோம். 5.45-க்குக் கோட்டுக் கல்லின் தலை வெளியே வந்தது. நீர் முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தது. முதுகுப்பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்து, நீர் வரும் திசையை நோக்கி நின்று, ஒருவரை ஒருவர் பற்றியபடி கடந்தோம். 6.10-க்கு அக்கரை.

இருட்டிவிட்டது. ஏழு பேருக்குத் தலையில் மாட்டும் டார்ச் மூன்றுதான் இருந்தன. ஒருநாள் பயணம்தானே என்று நான்கு பேர் கொண்டுவரவில்லை. 7 மணியளவில் கீழே இரண்டு வெளிச்சங்கள் அசைவதைக் கண்டு விசிலை ஊதினோம்: நிமிடத்துக்கு ஆறு முறை, பிறகு ஒரு நிமிட இடைவெளி. 1894-இல் ஆங்கிலேய மலையேறி கிளின்டன் டென்ட் முன்மொழிந்த இந்த முறைக்குப் பதில், நிமிடத்துக்கு மூன்று. கீழிருந்து மூன்று விசில் வந்தது. மீட்புக்கு வந்த இருவரும் கொண்டுவந்த தூக்குப் படுக்கையில்தான் கடைசித் தொலைவு கடந்தது.

அவர்கள் முன்பே வந்திருக்கலாம். மாலை 4 மணிக்குள் அழைப்பு வராவிட்டால் மீட்புக்குத் தகவல் சொல்லும்படி என் அக்காவிடம் சொல்லியிருந்தேன். அவர் சொன்னது 5.15-க்கு. ஏன் என்று கேட்டேன். "நீ எப்பவும் சொன்ன நேரத்துக்கு வர்றதில்லையேடா, அதான் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு இடமில்லை. முந்தைய பயணங்களில் எல்லாம் தாமதமாக அழைத்து அவரை அப்படிப் பழக்கியவன் நான்தான்.

குழுவுக்குள் இன்னும் தீராத ஒரு கருத்து வேறுபாடு உண்டு. மழை வராதிருந்தால் ஒன்றும் நேர்ந்திருக்காது, ஆகவே இது வானிலையின் பிழை என்று இருவர் நினைக்கிறார்கள். மழை வரும் என்று அறிவிப்பு இருந்தது, பாதை முந்தைய இரவே நனைந்திருந்தது, வேர் அங்கேயே கிடந்தது என்பது என் தரப்பு. எங்கள் ஏழு பேரில் ஒருவர்கூட, காலையில் அந்தக் களிமண் பள்ளத்தில் ஏறியபோது, இதில் மழைநீர் ஓடினால் எப்படி இறங்குவோம் என்று கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பாதையிலேயே விடை தேடியிருக்கலாம். பள்ளத்தின் இடப்புறம், மேட்டில், புல்லுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு மாற்றுத் தடம் இருந்ததை, காலைப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கண்டோம்.

எங்களுக்கு முன் எழுதியவரின் குறிப்பின் கீழே நாங்கள் சேர்த்தது இது: 'காலை 7.25, முந்தைய இரவு மழை: ஓடை கணுக்காலுக்கு மேல் நான்கு விரற்கடை. மாலை 4.20, மழை நின்று 70 நிமிடம்: கடக்க முடியாது, வெள்ளைக் கோட்டுக் கல் மூழ்கியுள்ளது. மாலை 5.45: முழங்காலுக்குக் கீழே, கடக்கலாம். பாறைத்தளம் ஈரத்தில் ஒருவருக்கு 5 நிமிடம். களிமண் பள்ளத்தில் இறங்கும்போது இடப்புற மேட்டுத் தடத்தைப் பயன்படுத்தவும். பள்ளத்தில் நீர் இருந்தால் சாய்வான வேர்கள் தெரியாது.' பதினொரு நாள் கழித்து, குழுவில் இருவர் ஓடை வரை மட்டும் போய் வந்தார்கள். கல் அடிவரை வெளியே தெரிந்தது. கோட்டுக்கு இரண்டு சாண் கீழே நீர். அன்று நட்ட இடத்திலேயே, சற்றுச் சாய்ந்து, அந்தக் குச்சி நின்றுகொண்டிருந்தது. நாளையும் மணியையும் போட்டு, கடைசி மழை பெய்து எத்தனை நாளானது என்பதையும் குறித்து, அதையும் குறிப்பில் சேர்த்தார்கள்.